அமெரிக்க அதிபர் வேட்பாளர்களைப் பற்றி அயல்நாட்டார் கருத்துச் சொல்வதில் பொருள் உண்டா?

கேட்கப்பட்டது இதுதான்: அமெரிக்க அதிபர் தேர்தலில் வாக்கே இல்லாத வெளிநாட்டினர், அங்கே போட்டியிடுபவர்களில் இவர் தேவலாம், அவர் ஆபத்தானவர் என்று கருத்துச் சொல்ல உரிமை உண்டா, சொல்வதால் அங்கே ஏதேனும் மாறுகிறதா? உரிமையைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்தக் கருத்து 'இவருக்கு வாக்களியுங்கள்' என்ற பரிந்துரையாக அமெரிக்க வாக்காளரின் வீட்டு வாசலுக்குப் போகும்போது, பரிந்துரைக்கப்பட்டவருக்கே அது பெரும்பாலும் வினையாக முடிகிறது. 'இவர் எடுத்த முடிவு எங்கள் ஊரில் இன்னதைச் செய்தது' என்ற சாட்சியமாக வரும்போதுதான் அதற்கு ஒரு மதிப்பு ஏற்படுகிறது. நான் ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதை விளக்க, ஒஹாயோ மாநிலத்தில் 2004-ஆம் ஆண்டு நடந்த ஒரு கூத்திலிருந்து தொடங்குகிறேன்.

குடியரசுக் கட்சியின் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷும் ஜனநாயகக் கட்சியின் ஜான் கெர்ரியும் மோதிய அந்தத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, அக்டோபர் மாதத்தில், லண்டனிலிருந்து வெளிவரும் 'கார்டியன்' நாளிதழ் தன் வாசகர்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது. ஈராக் போர் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது; பிரிட்டனும் அதில் படை அனுப்பி ஆட்களை இழந்துகொண்டிருந்தது; ஆனால் அந்தப் போரை நடத்துபவரை மாற்றுவதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யும் இடத்தில் பிரிட்டிஷ்காரருக்கு வாக்கு இல்லை. இந்த மனக்குறைக்கு ஒரு வடிகாலாக, ஒஹாயோவில் கிளார்க் கவுண்டி என்ற நிர்வாகப் பகுதியை அந்த நாளிதழ் தேர்ந்தெடுத்தது. மக்கள்தொகை சுமார் 1,40,000. தலைமை ஊர் ஸ்பிரிங்ஃபீல்டு. அதற்கு முந்தைய தேர்தலில், 2000-ல், ஜனநாயகக் கட்சியின் அல் கோர் அங்கே வெறும் 324 வாக்குகளில் முந்தியிருந்தார் என்பதுதான் அந்த இடத்துக்குக் கிடைத்த திடீர் மகிமைக்குக் காரணம்.

வாக்காளர் பட்டியலை 25 டாலர் கொடுத்து வாங்கினார்கள். எந்தக் கட்சியின் பெயரிலும் பதிவு செய்துகொள்ளாத வாக்காளர்களைப் பிரித்தெடுத்து, கேட்ட வாசகருக்கு ஆளுக்கொரு பெயரும் முகவரியும் கொடுத்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முகவரி வாங்கிக்கொண்டார்கள். நாவலாசிரியர் ஜான் லெ காரே, உயிரியல் அறிஞர் ரிச்சர்டு டாக்கின்ஸ் போன்றவர்கள் எழுதிய கடிதங்கள் மாதிரிக்காக அச்சாயின. ஒரு நிமிடம் அந்த வீட்டு வாசலில் நின்று யோசித்துப் பாருங்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் தொழிற்சாலை வேலை முடித்து வீடு திரும்பும் ஒருவர் தபால் பெட்டியைத் திறக்கிறார். மின்கட்டண ரசீதுக்கும் பல்பொருள் அங்காடியின் விளம்பரத்துக்கும் நடுவே, முன்பின் தெரியாத ஓர் ஆங்கிலேயர், அவருடைய பெயரைச் சரியாக எழுதி, அவருடைய வாக்கு உலகத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று விளக்கி எழுதிய கடிதம் கிடக்கிறது. கடிதத்தின் தர்க்கம் எப்படியிருந்தாலும், அவர் மனத்தில் முதலில் எழும் கேள்வி 'என் முகவரி இவருக்கு எப்படிக் கிடைத்தது' என்பதாகத்தான் இருந்திருக்கும்.

பதில்கள் அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. நன்றி சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் பெருவாரியானவை வசவு. பிரிட்டனிடமிருந்து விடுதலை அறிவித்த 1776-ல் நாங்கள் எதற்காகச் சண்டை போட்டோம் என்று நினைவூட்டியவர்கள் பலர். பிரிட்டிஷ்காரர்கள் முதலில் தங்கள் பல்லைத் துலக்கிவிட்டு வரட்டும் என்று எழுதியவர்களும் உண்டு. அந்த நாளிதழின் பெருமைக்குச் சொல்ல வேண்டும், அவற்றில் மிகக் கடுமையானவற்றைக்கூட அது தணிக்கை செய்யாமல் வெளியிட்டது. வெளிநாட்டில் வாழும் ஜனநாயகக் கட்சியினரே 'தயவுசெய்து நிறுத்துங்கள்' என்று கேட்டுக்கொண்ட பிறகு, திட்டம் தேர்தலுக்கு முன்பே கைவிடப்பட்டது.

முடிவு என்ன? ஒஹாயோ மாநிலத்தை மொத்தமாகப் பார்த்தால், 2000-ல் சுமார் 1,65,000 ஆக இருந்த புஷ்ஷின் வித்தியாசம் 2004-ல் சுமார் 1,18,000 ஆகக் குறைந்தது. அதாவது மாநிலம் ஜனநாயகக் கட்சியின் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. கிளார்க் கவுண்டியோ எதிர்த்திசையில் நகர்ந்து, ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளில் புஷ்ஷுக்குப் போனது. 2000-ல் கோரிடம் இருந்து 2004-ல் புஷ்ஷிடம் மாறிய ஒரே ஒஹாயோ கவுண்டி அதுதான். கடிதங்கள்தாம் இதைச் செய்தன என்று நான் சொல்ல மாட்டேன். ஓர் ஊரின் வாக்கு மாறுவதற்கு மூடப்பட்ட தொழிற்சாலை, உள்ளூர் தேவாலயம், இரு கட்சிகளின் களப்பணி என்று பத்துக் காரணங்கள் இருக்கும். ஆயிரம் வாக்குகளின் நகர்வை ஒரு தபால் பையின் தலையில் கட்டுவது வரலாறாகாது. ஆனால் கடிதங்கள் கெர்ரிக்கு உதவின என்று சொல்ல ஒரு சான்றும் இல்லை. ஒஹாயோவின் 20 தேர்வாளர் வாக்குகள் (அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கப்படும் வாக்குகள்) இடம் மாறியிருந்தால் கெர்ரி அதிபராகியிருப்பார் என்பதால், இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் நாளிதழ் தவறவில்லை. பேச்சைத் தொடங்கிய விதத்தில்தான் தவறியது. தேர்தல் முடிந்த மறுநாளுக்கு மறுநாள் இன்னொரு லண்டன் பத்திரிகையான 'டெய்லி மிரர்', 5,90,54,087 பேர் எப்படி இவ்வளவு முட்டாள்களாக இருக்க முடியும் என்று முதல் பக்கம் முழுக்கக் கேட்டதும் இதே மனநிலைதான். கடைசி இலக்கம் வரை துல்லியமாக எண்ணிவிட்டு, அத்தனை பேருக்கும் ஒரே காரணத்தைச் சூட்டிவிட்டார்கள்.

இந்த விஷயத்தில் அமெரிக்கர்களின் தோல் மெல்லியதாக இருப்பதற்கு நீண்ட பின்னணி உண்டு. 1796-ல், ஜார்ஜ் வாஷிங்டன் விலகியபின் நடந்த முதல் போட்டித் தேர்தலிலேயே, பிரெஞ்சுத் தூதர் பியர் அடே, வேட்பாளர் தாமஸ் ஜெபர்சனுக்குச் சாதகமாகத் தன் அரசின் குறிப்புகளைச் செய்தித்தாளில் வெளியிட்டார். வென்றது ஜான் ஆடம்ஸ். தேர்வாளர் வாக்கில் 71-க்கு 68 என்ற கணக்கில். அந்நியச் செல்வாக்கைப் பற்றி வாஷிங்டன் தன் விடைபெறும் உரையில் எச்சரித்ததும் அதே ஆண்டில்தான்.

இதைவிடச் சுவையானது 1888-ல் நடந்தது. பதவியில் இருந்த குரோவர் கிளீவ்லாந்தும் பெஞ்சமின் ஹாரிசனும் போட்டியிட்ட ஆண்டு அது. கலிபோர்னியாவில் குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர், சார்லஸ் மர்ச்சிசன் என்ற பொய்ப் பெயரில், தான் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன் என்று சொல்லிக்கொண்டு, வாஷிங்டனில் இருந்த பிரிட்டிஷ் தூதர் லயனல் சாக்வில்-வெஸ்டுக்குக் கடிதம் எழுதினார். பிறந்த நாட்டின் மீதுள்ள பாசம் போகவில்லை, யாருக்கு வாக்களித்தால் இங்கிலாந்துக்கு நல்லது என்று வழி காட்டுங்கள் என்பது அதன் சாரம். தூதர் பண்பான மனிதர், பதில் எழுதினார். கிளீவ்லாந்தே மேல் என்ற பொருள் அதில் தெளிவாகத் தெரிந்தது. குடியரசுக் கட்சியினர் அந்தப் பதிலைப் பல வாரங்கள் பத்திரமாக வைத்திருந்து, அக்டோபர் பிற்பகுதியில் நாளிதழ்களில் வெளியிட்டார்கள். பிரிட்டனை வெறுத்த ஐரிஷ் வாக்காளர்கள் நியூயார்க்கில் ஏராளம். அவர்கள் கையில் இந்தக் கடிதத்தின் நகல்கள் போய்ச் சேர்ந்தன. பதறிப்போன கிளீவ்லாந்து தூதரையே நாட்டைவிட்டு அனுப்பினார். நாடு முழுவதும் எண்ணினால் கிளீவ்லாந்துக்கே அதிக வாக்குகள். ஆனால் நியூயார்க்கைச் சுமார் பதினான்காயிரம் வாக்குகளில் இழந்து, அதனோடு தேர்தலையும் இழந்தார். நியூயார்க்கை அவர் இழந்ததற்கு உள்ளூர்க் கட்சிச் சண்டை உட்பட வேறு காரணங்களும் உண்டு என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதையும் சேர்த்தே படிக்க வேண்டும். என் கண்ணில் படுவது வேறொன்று: கிளீவ்லாந்தைக் கவிழ்க்க நினைத்தவர்கள் அவரைத் திட்டும் வெளிநாட்டவரைத் தேடவில்லை, புகழும் வெளிநாட்டவரைத் தேடிப் பிடித்தார்கள்.

இதே உத்தி அதற்குப் பிறகும் அலுப்பில்லாமல் பயன்பட்டிருக்கிறது. கெர்ரிக்குப் பிரெஞ்சு மொழி சரளமாகத் தெரியும் என்பதே 2004-ல் அவர்மீது எறியப்பட்ட கல். 2008 ஜூலை 24 அன்று பெர்லினில் பராக் ஒபாமா பேசியபோது சுமார் இரண்டு லட்சம் பேர் கூடினார்கள். ஒரு வாரத்துக்குள், அவரை எதிர்த்து நின்ற ஜான் மெக்கெயின் தரப்பு அந்தக் கூட்டத்தின் காட்சிகளையே எடுத்து, பாப் பாடகியின் படத்தையும் சேர்த்து, 'இவர் உலகத்தின் மிகப் பெரிய பிரபலம், ஆனால் நாட்டை நடத்தத் தகுந்தவரா' என்று கேட்கும் விளம்பரம் வெளியிட்டது. ஒபாமா வென்றார் என்பது உண்மை. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்து நாடே பொருளாதாரப் பீதியில் இருந்ததற்கு அந்த வெற்றியில் பெரும்பங்கு உண்டு. பெர்லின் கூட்டத்துக்கு அப்படி ஒரு பங்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சட்டம் எங்கே கோடு கிழிக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் 'வெளிநாட்டுத் தலையீடு' என்ற சொல்லை இப்போது எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்கக் குடிமகனாகவோ நிரந்தரமாக வசிக்கும் அனுமதி (கிரீன் கார்டு) பெற்றவராகவோ இல்லாத எவரும் அங்கே எந்தத் தேர்தலுக்கும் நன்கொடை கொடுக்கக் கூடாது; ஒரு வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ பணம் செலவழிக்கவும் கூடாது. நியூயார்க்கில் சட்டப்படி வேலை செய்துகொண்டிருந்த ஒரு கனடிய வழக்கறிஞர், ஒபாமாவுக்கு ஆதரவாகத் துண்டுப் பிரசுரம் அச்சடித்துப் பூங்காவில் விநியோகிக்க விரும்பி, இந்தத் தடையை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2011-ல் மூன்று நீதிபதிகள் அடங்கிய நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது; தீர்ப்பை எழுதியவர் பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிரெட் கவனா. தன்னைத் தானே ஆளும் சமூகம், அந்த ஆளும் செயலிலிருந்து வெளியாரை விலக்கி வைக்கலாம் என்பது தீர்ப்பின் அடிப்படை. 2012 தொடக்கத்தில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே சமயம், கொள்கைகளைப் பற்றிப் பேசுவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை என்றும், ஊதியமில்லாமல் தன்னார்வலராக வெளிநாட்டவர் ஒரு வேட்பாளருக்கு உழைக்கலாம் என்றும் நிலை இருக்கிறது. 2024-ல் பிரிட்டனின் தொழிற்கட்சியைச் சேர்ந்த சுமார் நூறு பேர் கமலா ஹாரிசுக்காக வாசல் வாசலாகப் போகப் புறப்பட்டபோது, டிரம்ப் தரப்பு தேர்தல் ஆணையத்தில் புகார் கொடுத்ததும் இந்தக் கோட்டைச் சுற்றித்தான்: அவர்கள் தங்கள் காசில் வந்தார்களா, கட்சி அனுப்பி வைத்ததா என்பதே கேள்வி. நம்மைப் போன்றவர்கள் தேநீர்க் கடையிலும் தொலைக்காட்சியிலும் பேசுவதை அமெரிக்கச் சட்டம் பொருட்படுத்துவதே இல்லை.

அரசாங்கங்கள் கருத்துச் சொல்வது வேறு கதை. அதை வேகமாகக் கடந்துவிடலாம். 1960-ல் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க உளவு விமானத்தின் வீரர்களைத் தேர்தலுக்கு முன் விடுவித்தால் நிக்சனுக்கு லாபமாகும் என்று கணக்குப் போட்டு, கென்னடி பதவியேற்ற பிறகே விடுவித்ததாக சோவியத் தலைவர் குருஷ்சேவ் பின்னர் பெருமையடித்துக்கொண்டார். 1968-ல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹியூபர்ட் ஹம்ப்ரிக்குப் பண உதவி செய்யலாமா என்று விசாரிக்கும்படி மாஸ்கோ தன் தூதர் டோப்ரினினுக்கு உத்தரவிட்டது. அவர் தயங்கித் தயங்கிக் கேட்க, மாஸ்கோவின் நல்வாழ்த்தே போதும் என்று ஹம்ப்ரி நாசூக்காக விலகிக்கொண்டார். 2019 செப்டம்பர் 22 அன்று ஹூஸ்டனில் ஐம்பதாயிரம் இந்திய வம்சாவளியினர் முன்னிலையில், டிரம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'அப் கி பார் டிரம்ப் சர்க்கார்' (இந்த முறை டிரம்ப் ஆட்சி) என்ற வரியைப் பிரதமர் மோதி சொன்னதும், அது டிரம்ப் தானே முன்பு பயன்படுத்திய வாசகத்தை நினைவுகூர்ந்தது மட்டுமே என்று வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் விளக்க நேர்ந்ததும் நினைவிருக்கலாம். அடுத்த ஆண்டு வென்றது ஜோ பைடன். இரண்டு பேரில் ஒருவருடன் நான்கு ஆண்டு குடித்தனம் நடத்தியாக வேண்டிய அரசு, முன்கூட்டியே ஒரு பக்கம் சாய்வது சாமர்த்தியம் ஆகாது.

இனி, சாதாரண மக்களின் கருத்துக்கு வருகிறேன். இதை அளக்கும் ஆய்வுகள் உண்டு. 2004-ல் 35 நாடுகளில் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்பில் 30 நாடுகளில் கெர்ரி முந்தினார். பிலிப்பைன்ஸ், நைஜீரியா, போலந்து ஆகிய மூன்றில் புஷ் முந்தினார். இந்தியாவும் தாய்லாந்தும் இரண்டுபட்டு நின்றன. பியூ ஆய்வு மையம் 2017-ல் 37 நாடுகளில் கேட்டபோது, ஒபாமா பதவிக்காலத்தின் இறுதியில் அவர்மீது நம்பிக்கை கொண்டவர்களின் இடைநிலை அளவு 64 சதவீதமாகவும், டிரம்ப் மீது அது 22 சதவீதமாகவும் இருந்தது. டிரம்புக்கு ஒபாமாவைவிடக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தவை ரஷ்யாவும் இஸ்ரேலும் மட்டும். 2024-ல் 34 நாடுகளில் பைடனுக்கு 43, டிரம்புக்கு 28.

இந்த எண்களைப் பார்த்து 'உலகமே சொல்கிறது, அமெரிக்கர்களுக்குப் புரியவில்லை' என்று முடிவு கட்டுபவர்கள், கேட்கப்பட்ட கேள்வியைப் படிப்பதில்லை. பியூ கேட்டது, உலக விவகாரங்களில் இவர் சரியானதைச் செய்வார் என்று நம்புகிறீர்களா என்பது. அமெரிக்க வாக்காளர் பதில் சொல்வது அந்தக் கேள்விக்கு அன்று. அவருக்கு முன்னால் பலசரக்கு விலை இருக்கிறது, வீட்டுக் கடன் வட்டி இருக்கிறது, கருக்கலைப்புச் சட்டம், துப்பாக்கிச் சட்டம், மருத்துவக் காப்பீடு, தன் மாநிலத்து நீதிபதி நியமனம் எல்லாம் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் படாது. நமக்குத் தெரிகிற டிரம்பும் பென்சில்வேனியாவில் முட்டை விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவருக்குத் தெரிகிற டிரம்பும் ஒரே ஆள்தான் என்றாலும், ஒரே வேட்பாளர் அல்லர்.

கூடவே, வெளியார் எல்லோரும் ஒரே வெளியார் அல்லர். புஷ்ஷையே எடுத்துக்கொள்ளுங்கள். பாக்தாதில் அவர் பெயர் எப்படி ஒலித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் 2003-ல் அவர் அறிவித்த எய்ட்ஸ் நிவாரணத் திட்டம், ஐந்து ஆண்டுகளுக்கு 1,500 கோடி டாலர் என்ற அளவில் ஆப்பிரிக்காவுக்கு மருந்துகளைக் கொண்டுவந்தது. 2008 பிப்ரவரியில் அவர் டான்சானியாவுக்குப் போனபோது, அவருடைய முகம் அச்சிட்ட துணியை உடுத்திக்கொண்டு பெண்கள் வரவேற்றார்கள். அந்தப் பெண்களிடம் லண்டன் பத்திரிகையின் முதல் பக்கத்தைக் காட்டியிருந்தால் அவர்களுக்கு அது புரிந்தே இருக்காது. பாக்தாதும் டான்சானியாவும் சொல்வது இரண்டும் உண்மையே. இரண்டும் தாம் பட்டதைச் சொல்கின்றன. சாட்சியம் என்று நான் சொல்வது இதைத்தான்.

சாட்சியமும் இல்லாமல் பரிந்துரையும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அது உறவு கொண்டாடுதல். கென்யாவின் கொகேலோ கிராமத்தில் ஒபாமாவின் தந்தைவழிக் குடும்பம் இருந்தது; அவர் வென்றபோது கென்ய அரசு 2008 நவம்பர் 6-ஐப் பொது விடுமுறையாகவே அறிவித்தது. அயர்லாந்தில் மணிகால் என்ற சிற்றூர், தாய்வழியில் பல தலைமுறைக்கு முந்தைய உறவைச் சொல்லி 2011-ல் அவரை வரவழைத்துவிட்டது. மன்னார்குடிப் பக்கத்தில் துளசேந்திரபுரம், கமலா ஹாரிசின் தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் ஊர், அங்குள்ள தர்மசாஸ்தா கோயிலில் நன்கொடையாளர் பெயர்களைப் பொறித்த கல்லில் கமலாவின் பெயரும் இருக்கிறது. 2020-ல் அவர் துணை அதிபராகத் தேர்வானபோது வாசல் கோலத்தில் வாழ்த்து எழுதி வெடி வெடித்தார்கள். 2024-ல் வேட்பாளராக நின்றபோது அபிஷேகமும் அர்ச்சனையும் நடந்தன. டிரம்பின் தாத்தா புறப்பட்டு வந்த ஜெர்மனியின் கால்ஷ்டாட் கிராமத்தில் இப்படி ஆரவாரம் எதுவும் இல்லை; அந்த உறவைப் பேச அவர்கள் கொஞ்சம் சங்கடப்பட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. தெரிந்த வீட்டுப் பிள்ளை பரீட்சை எழுதினால் சாமி கும்பிடுவது இயல்பு. அதை அரசியல் கருத்து என்று எடுத்துக்கொள்ளும்போதுதான் பிசகு வருகிறது.

வேட்பாளரின் ஆளுமையை அவருடைய அரசோடு குழப்பிக்கொள்வதன் விலையை ஈழத் தமிழர்கள் அறிவார்கள். 2008-ல் ஒபாமாவின் எழுச்சியைப் புலம்பெயர்ந்த தமிழர் பலர் பெரும் நம்பிக்கையோடு பார்த்தார்கள். ஒடுக்கப்பட்ட இனத்தின் வலி தெரிந்த ஒருவர் வெள்ளை மாளிகைக்கு வருகிறார் என்பது அந்த நம்பிக்கையின் வேர். 2009 மே 13 அன்று ஒபாமா வன்னியைப் பற்றிப் பேசினார். பொதுமக்களைக் கேடயமாகப் பிடித்து வைத்திருக்க வேண்டாம் என்று புலிகளிடமும், கண்மூடித்தனமான குண்டுவீச்சை நிறுத்துங்கள் என்று இலங்கை அரசிடமும் கேட்டுக்கொண்டார். சொல் அத்தோடு நின்றது; ஒரு வாரத்துக்குள் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்திருந்தது. ஒபாமாவின் பேச்சில் வஞ்சகம் இருந்தது என்று நான் நினைக்கவில்லை. வாஷிங்டனின் இலங்கைக் கொள்கை அவர் வருவதற்கு முன்பே உருவாகி, அதிகாரிகளின் மேசைகளில் உட்கார்ந்திருந்தது. வேட்பாளரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த மேசைகள் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறாக, தெரிந்திருந்தும் பார்க்காமல் விட்டதற்கு ஓர் உதாரணம் நம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. 2024 அக்டோபரில் சிகாகோவில் பேசிய டிரம்ப், அகராதியிலேயே அழகான சொல் இறக்குமதி வரி என்று பகிரங்கமாகச் சொன்னார். ஒளிவுமறைவே இல்லை. ஆனால் அந்த மாதங்களில் நம் தொலைக்காட்சி விவாதங்களில் ஓடியது துளசேந்திரபுரத்துக் கதை. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி ஐம்பது சதவீதத்துக்கு ஏறியபோது, திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் ஒவ்வொரு ஆர்டராகப் பேசித் தீர்க்க வேண்டியதாயிற்று. வரியைத் துறைமுகத்தில் கட்டுபவர் அமெரிக்க இறக்குமதியாளர்தான். ஆனால் அவர் அடுத்த நிமிடமே திருப்பூருக்குப் போன் செய்து, ஒரு டி-சர்ட்டுக்கு இவ்வளவு சென்ட் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வங்கதேசத்திலோ வியட்நாமிலோ வாங்கிக்கொள்கிறோம் என்பார். அந்தச் சில சென்ட்டில்தான் இங்கே ஒரு தையல் கூடத்தின் இரண்டாவது ஷிஃப்ட் இருக்கிறது. டிரம்ப் நல்லவரா கெட்டவரா என்று அந்த ஏற்றுமதியாளரிடம் கேட்டால் அவர் சொல்லும் தீர்ப்புக்கு நம் தீர்ப்பைவிடத் தனி எடை இல்லை. வரியால் என்ன ஆயிற்று என்று கேட்டால், ஓர் அமெரிக்க வாக்காளரும் காது கொடுத்துக் கேட்க வேண்டிய தகவல் கிடைக்கும். ஏனென்றால் அதே டி-சர்ட்டை அதிக விலை கொடுத்து வாங்கப் போகிறவர் அவர்தான்.

ஆகவே, கருத்துச் சொல்லுங்கள் என்றுதான் கேள்வி கேட்டவருக்கு நான் சொல்வேன். சொல்லும்போது, இது நமக்கு நேர்ந்ததா, நாம் படித்ததா, நாம் ஆசைப்படுவதா என்று தமக்குள் ஒரு முறை பிரித்துப் பார்த்துக்கொள்ளட்டும். முதலாவது இருந்தால் உரக்கவே சொல்லலாம்.

ஸ்பிரிங்ஃபீல்டைப் பற்றி இன்னொரு செய்தி பாக்கி இருக்கிறது. கடிதங்கள் போன அதே ஊர், இருபது ஆண்டு கழித்து உலகத்தின் வாயில் மறுபடியும் விழுந்தது. 2024 செப்டம்பர் 10 அன்று கமலா ஹாரிசுடன் நடந்த விவாதத்தில், அங்கே குடியேறியவர்கள் ஊராரின் நாய்களையும் பூனைகளையும் பிடித்துத் தின்கிறார்கள் என்று டிரம்ப் சொன்னார். அவர் சொன்னது ஹைட்டியிலிருந்து வந்து, தற்காலிகப் பாதுகாப்பு அனுமதியோடு, அந்த ஊர்த் தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் வேலை செய்துகொண்டிருந்த பல்லாயிரம் பேரைப் பற்றி. அதற்குச் சான்று இல்லை என்று ஊர் நிர்வாகம் சொன்னது; ஸ்பிரிங்ஃபீல்டிலேயே பிறந்தவரும் டிரம்பின் கட்சிக்காரருமான ஒஹாயோ ஆளுநர் மைக் டிவைனும் சொன்னார். அந்தத் தேர்தலில் ஒரு வேட்பாளரைப் பற்றி நேரடியாகச் சொல்ல அந்த ஹைட்டியர்களைவிட அதிகம் வைத்திருந்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. குடியுரிமை பெறாத அவர்களுக்கு வாக்கு இல்லை. கிளார்க் கவுண்டி அறுபது சதவீதத்துக்கு மேல் டிரம்புக்கு வாக்களித்தது. விவாதத்துக்கு அடுத்த சில நாள்களில் ஊரின் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன. எல்லாம் பொய் மிரட்டல்கள், அவற்றில் சில வெளிநாட்டிலிருந்து வந்தவை என்று ஆளுநர் அறிவித்தார். ஒவ்வொரு நாளும் காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன் மாநிலக் காவலர்கள் பள்ளிக் கட்டடங்களைச் சோதித்து முடித்த பிறகே கதவு திறக்கப்பட்டது.